பாஸ்டில் டே (பேட்டில்ஸ்டார் கலாக்டிகா)

பாஸ்டில் டே (பாஸ்டில் நாள்) என்பது 2004 முதல் 2009 வரை ஒளிபரப்பான பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் முதற் பருவத்தில் இடம்பெறும் மூன்றாவது அத்தியாயமாகும். விண்வெளியில் தப்பிச் செல்லும் கப்பல் தொகுதி ஒன்றில் உள்ள சிறைக்கப்பலைக் கைதிகள் கைப்பற்றி, பேச்சு நடத்த வந்தவர்களைப் பணயக்கைதிகளாகப் பிடித்து வைப்பதே இதன் கதையாகும். இவ்வத்தியாயத்தை டோனி கிராஃபியா எழுத, ஆலன் குரோக்கர் இயக்கினார். ஐக்கிய இராச்சியத்தில் ஸ்கை ஒன் தொலைக்காட்சியில் 2004 நவம்பர் 1 அன்றும், ஐக்கிய அமெரிக்காவில் சை ஃபை தொலைக்காட்சியில் 2005 சனவரி 21 அன்றும் இது முதன்முதலாக ஒளிபரப்பப்பட்டது.

வேற்றுக்கோள் உயிரிகளோ புதுமையான கருவிகளோ இன்றி, கட்டாய உழைப்பு, தேர்தல், ஆட்சியின் சட்டத்தகுதி ஆகிய அரசியற் சிக்கல்களை மையமாகக் கொண்டு அமைந்தமையால் தொடரின் போக்கை உணர்த்தும் தொடக்ககால அத்தியாயங்களுள் ஒன்றாக இது கொள்ளத்தக்கது. பின்னர் தொடர் முழுவதும் முதன்மை பெறும் டாம் சேரக் என்னும் கதைமாந்தர் இவ்வத்தியாயத்திலேயே அறிமுகமாகிறார்.

தொடரின் பின்னணி

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற பெயரில் முதலில் வெளிவந்தது கிளென் ஏ. லார்சன் உருவாக்கிய தொடராகும். அது 1978-79 ஆம் ஆண்டுகளில் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதன் அடிப்படைக் கதையை எடுத்துக்கொண்டு ரோனால்ட் டி. மூர், டேவிட் ஐக் ஆகியோர் புதிதாக உருவாக்கிய குறுந்தொடர் 2003 திசம்பரில் வெளியானது. அதற்குக் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து 2004 இல் முழுத்தொடர் தொடங்கி, நான்கு பருவங்கள் நடைபெற்றது. படப்பிடிப்பு கனடாவின் வான்கூவர் நகரில் நடந்தது.

கதைப்படி மனிதர்கள் பன்னிரண்டு குடியேற்றக் கோள்களில் வாழ்கின்றனர். மனிதர்களால் உருவாக்கப்பட்டுப் பின்னர் அவர்களையே எதிர்த்த சைலான்கள் எனப்படும் இயந்திர இனத்தவர், நெடுங்கால அமைதிக்குப் பின் திடீரென அணுவாயுதத் தாக்குதல் நடத்திப் பன்னிரண்டு கோள்களையும் அழிக்கின்றனர். உயிர் தப்பியோர் சுமார் 50,000 பேர் மட்டுமே. இவர்கள் கலாக்டிகா என்னும் பழைய போர்க்கப்பலின் பாதுகாப்பில், பல்வகைப்பட்ட குடிமக்கள் கப்பல்களில் ஏறி, பூமி எனப்படும் கோளைத் தேடிச் செல்கின்றனர்.

இக்கப்பல் தொகுதியில் அதிகாரம் இரண்டாகப் பிரிந்துள்ளது. படைத்துறைப் பொறுப்பு தளபதி வில்லியம் அடாமாவிடம் உள்ளது. குடியாட்சிப் பொறுப்பு அதிபர் லாரா ராஸ்லினிடம் உள்ளது. ராஸ்லின் தேர்தலில் வென்று அதிபர் ஆனவர் அல்லர். அவர் கல்வி அமைச்சராக இருந்தவர். பதவி வரிசையில் அவருக்கு முன்னிருந்த அனைவரும் தாக்குதலில் இறந்துவிட்டமையால், 43 ஆம் இடத்தில் இருந்த அவர் அதிபராகப் பதவியேற்றார். இவ்வத்தியாயத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

கதைச் சுருக்கம்

நீர்த் தட்டுப்பாடு

முந்தைய அத்தியாயமான "வாட்டர்" (நீர்) என்பதில் கலாக்டிகாவின் நீர்த்தொட்டிகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றன. நீரின் பெரும்பகுதி விண்வெளியில் வீணாகிறது. தேடலின் முடிவில், ஒரு துணைக்கோளில் உறைந்த நீர் இருப்பது கண்டறியப்படுகிறது. ஆனால் அந்தப் பனிக்கட்டியை வெட்டியெடுப்பது கடினமானதும் ஆபத்தானதுமான வேலையாகும். அதற்குப் பெருந்தொகையான ஆட்கள் தேவை.

இந்நிலையில் ஆஸ்ட்ரல் குயின் என்ற கப்பலில் உள்ள சிறைக்கைதிகளை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாம் என்ற கருத்து எழுகிறது. தாக்குதல் நடந்த வேளையில் நூற்றுக்கணக்கான கைதிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த அக்கப்பல், தொகுதியுடன் சேர்ந்து தப்பியிருந்தது. அடிமை உழைப்பை ஏற்க முடியாது என ராஸ்லின் மறுக்கிறார். தாமாக முன்வந்து வேலை செய்யும் கைதிகளுக்கு அவ்வுழைப்பு விடுதலைக்கான தகுதியாகக் கணக்கிடப்படும் என்ற திட்டத்துடன், அதிபரின் படைத்துறை ஆலோசகரும் தளபதியின் மகனுமான லீ அடாமா சிறைக்கப்பலுக்கு அனுப்பப்படுகிறார். அவருடன் அதிபரின் உதவியாளர் பில்லி, கலாக்டிகாவின் தகவல்தொடர்பு அலுவலர் டுவாலா, விமானத்தளப் பணியாளர் காலி ஆகியோரும் செல்கின்றனர்.

பணயக்கைதிகள்

கூண்டுகளில் அடைக்கப்பட்டுள்ள கைதிகளிடம் லீ திட்டத்தை விளக்குகிறார். ஒருவரும் முன்வரவில்லை. அவர்களின் தலைவராக விளங்குபவர் டாம் சேரக். பன்னிரண்டு கோள்களுள் நெடுங்காலமாகச் சுரண்டப்பட்டதாகக் கருதப்படும் சகிட்டாரான் கோளைச் சேர்ந்த இவர், அரசுக் கட்டடம் ஒன்றை வெடிவைத்துத் தகர்த்த குற்றத்திற்காக இருபது ஆண்டுகளாகச் சிறையில் இருப்பவர். சிலர் இவரை விடுதலைப் போராளி என்கின்றனர். வேறு சிலர் பயங்கரவாதி என்கின்றனர். இவர் எழுதிய தடைசெய்யப்பட்ட நூலை லீ தம் மாணவப் பருவத்தில் படித்தவர் என்பதும் உரையாடலில் தெரியவருகிறது.

ராஸ்லினை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே சேரக்கின் கேள்வி. மக்களின் வாக்கைப் பெறாத ஓர் அரசுக்காகத் தாம் ஏன் உழைக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். சிறிது நேரத்திற்குள் கைதிகள் காவலர்களை மடக்கிக் கப்பலைக் கைப்பற்றுகின்றனர். லீயும் அவருடன் வந்தவர்களும் காவலர்களும் பணயக்கைதிகள் ஆகின்றனர். ராஸ்லின் பதவி விலக வேண்டும், உடனடியாகத் தேர்தல் நடத்த வேண்டும் என்பவை சேரக்கின் கோரிக்கைகள். இவை வானொலி வழியாகத் தொகுதியிலுள்ள ஏனைய கப்பல்களுக்கும் எட்டுகின்றன.

தாக்குதலும் உடன்பாடும்

கோரிக்கைகளுக்கு இணங்குவதில்லை என்பதில் அடாமாவும் ராஸ்லினும் உறுதியாக உள்ளனர். ஸ்டார்பக் எனப்படும் விமானி காரா திரேஸ் குறிபார்த்துச் சுடுவதில் வல்லவர். அவர் இடம்பெறும் படைக்குழு ஒன்று கப்பலுக்குள் நுழைய அனுப்பப்படுகிறது.

இதற்கிடையில் மேசன் என்னும் கைதி காலியைத் தனியே இழுத்துச் சென்று வன்புணர முயல்கிறான். காலி அவனது காதைக் கடித்துத் துண்டிக்கிறார். அவன் அவரைச் சுடுகிறான். காலி படுகாயமடைந்தாலும் உயிர் பிழைக்கிறார். தம் ஆட்களையே கட்டுப்படுத்த இயலாத நிலையில் சேரக் இருப்பது இங்கே வெளிப்படுகிறது.

லீ துப்பாக்கியைக் கைப்பற்றிச் சேரக்கை எதிர்கொள்கிறார். சேரக்கின் உண்மையான நோக்கம் பேச்சு நடத்துவதன்று என்பதை அப்போது அவர் உணர்ந்துகொள்கிறார். படையினர் நுழைந்து கைதிகளைக் கொன்று குவிக்க வேண்டும் என்பதே சேரக்கின் எதிர்பார்ப்பு. அவ்வாறு நடந்தால் அரசு கொலைகார அரசாகத் தோன்றும், மக்கள் கிளர்ந்தெழுவர், தாமும் தியாகி ஆவார்.

சேரக்கை அங்கேயே கொன்றுவிடாமல் லீ உடன்பாடு ஒன்றை முன்வைக்கிறார். முந்தைய அதிபர் அடாரின் பதவிக்காலம் முடிய ஏழு மாதங்கள் உள்ளன. சட்டப்படி அப்போது தேர்தல் நடத்தப்படும். கப்பல் கைதிகளின் பொறுப்பிலேயே விடப்படும். ஈடாக அவர்கள் பனிக்கட்டி வெட்டும் வேலையைச் செய்ய வேண்டும். இவ்வேளையில் படைக்குழு உள்ளே நுழைகிறது. ஸ்டார்பக் சேரக்கைக் குறிவைத்துச் சுடும்போது லீ குறுக்கிட்டுத் தடுக்கிறார். சேரக் உயிர் தப்புகிறார். உடன்பாடு நிலைக்கிறது.

லீ திரும்பி வந்தபின், அவர் யாருடைய பக்கம் நிற்கிறார் என்ற கேள்வி எழுகிறது. தேர்தல் என்பது சேரக்கின் சலுகை அன்று, குடியேற்றங்களின் சட்டமே அதைக் கூறுகிறது என்பது லீயின் நிலைப்பாடு. ராஸ்லின் அதை ஏற்கிறார். தமக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதையும், தேர்தல் வரும் வேளையில் தாம் உயிருடன் இல்லாமல் போகலாம் என்பதையும் அவர் லீயிடம் தெரிவிக்கிறார்.

கிளைக்கதை

அறிவியலாளர் கையஸ் பால்ட்டார், மனித உருவில் உலவும் சைலான்களைக் கண்டறியும் கருவியை உருவாக்கும் பொறுப்பில் உள்ளார். கருவிக்கு அணுவாயுதம் ஒன்று தேவை என அவர் அடாமாவிடம் கேட்கிறார். அடாமாவும் அதை வழங்க இசைகிறார். அப்போது சிறிய செய்தியாகத் தோன்றும் இக்கோரிக்கை, இரண்டாம் பருவத்தின் இறுதியில் பெரும் விளைவை ஏற்படுத்துகிறது. அந்த அணுவாயுதமே கிளவுட் நைன் என்னும் பயணிகள் கப்பலை அழிக்கிறது.

நடிகர்கள்

- எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் - தளபதி வில்லியம் அடாமா
- மேரி மெக்டொனல் - அதிபர் லாரா ராஸ்லின்
- ஜேமி பாம்பர் - லீ அடாமா (அப்பல்லோ)
- கேட்டி சாக்காஃப் - காரா திரேஸ் (ஸ்டார்பக்)
- ஜேம்ஸ் காலிஸ் - கையஸ் பால்ட்டார்
- டிரிசியா ஹெல்ஃபர் - எண் ஆறு
- மைக்கேல் ஹோகன் - சால் டை
- பால் கேம்பல் - பில்லி கெய்கேயா
- கண்டிஸ் மெக்ளூர் - டுவாலா
- நிக்கி கிளைன் - காலி
- ரிச்சர்ட் ஹாட்ச் - டாம் சேரக் (சிறப்புத் தோற்றம்)

ரிச்சர்ட் ஹாட்ச்

சேரக்காக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் (1945 - 2017), 1978 ஆம் ஆண்டுத் தொடரில் கதைத்தலைவன் அப்பல்லோவாக நடித்தவர். பழைய தொடரின் தொடர்ச்சியாகவே புதிய படைப்பு அமைய வேண்டும் என்று பல்லாண்டுகள் முயன்ற அவர், 1999 இல் அதற்கென ஒரு முன்னோட்டப் படத்தையும் தயாரித்தார். எனவே கதையை முற்றிலும் புதிதாக அமைக்கும் மூரின் திட்டத்தைத் தொடக்கத்தில் அவர் எதிர்த்தார். பின்னர் மனம் மாறி, மூர் அளித்த இப்பாத்திரத்தை ஏற்றுக்கொண்டார்.

இதனால் பழைய அப்பல்லோவும் புதிய அப்பல்லோவும் சிறைக்கம்பிகளின் இருபுறமும் நின்று பேசும் காட்சி இத்தொடரை அறிந்தவர்களுக்குத் தனிச்சுவை உடையதாகும். அக்காட்சியில் சேரக், கிரேக்கத் தொன்மத்தில் சீயசின் மகனான அப்பல்லோவை நினைவூட்டி, அத்தெய்வத்தின் இரு முகங்களைக் குறிப்பிடுகிறார். அப்பல்லோ நோய் தீர்ப்பவன்; அம்பெய்து கொல்பவனும் அவனே. தம் முன் நிற்கும் இளைஞர் இவற்றுள் எது என்பதே சேரக் எழுப்பும் வினா. அத்தியாயத்தின் முடிவில் லீ எடுக்கும் முடிவு அதற்கான விடையாக அமைகிறது.

தயாரிப்பு

எழுத்தாளர் டோனி கிராஃபியா, மூருடன் முன்னதாக ராஸ்வெல் தொடரிலும், பின்னாளில் அவுட்லாண்டர் தொடரிலும் பணியாற்றியவர். இயக்குநர் ஆலன் குரோக்கர், ஸ்டார் டிரெக் வரிசையைச் சேர்ந்த டீப் ஸ்பேஸ் நைன், வாயேஜர், எண்டர்பிரைஸ் ஆகிய மூன்று தொடர்களின் இறுதி அத்தியாயங்களை இயக்கியவர்.

மூரும் ஸ்டார் டிரெக் தொடர்களுக்கு எழுதியவரே. ஆயினும் இத்தொடரில் அவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். கையில் ஏந்திய படக்கருவியால் ஆவணப்படம் போலக் காட்சிகளைப் பதிவுசெய்தல், அன்றாட வாழ்வில் காணும் உடைகளையும் பொருள்களையும் பயன்படுத்துதல், வேற்றுக்கோள் உயிரிகளை விலக்குதல் ஆகியவை இத்தொடரின் இயல்புகளாகும்.

தலைப்பு

பாஸ்டில் என்பது பிரான்சின் தலைநகர் பாரிசில் இருந்த கோட்டைச் சிறையாகும். 1789 சூலை 14 அன்று பாரிஸ் மக்கள் அதனைத் தாக்கிக் கைப்பற்றினர். பிரெஞ்சுப் புரட்சியின் முதன்மை நிகழ்வாகக் கருதப்படும் அந்நாள் இன்றும் பிரான்சின் தேசிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று அச்சிறையில் இருந்த கைதிகள் ஏழு பேர் மட்டுமே. ஆயினும் மன்னனின் தன்னிச்சையான ஆட்சிக்கு அடையாளமாக விளங்கியதால் அதன் வீழ்ச்சி பெரும் பொருள் பெற்றது.

அத்தியாயத்திற்கு இப்பெயர் பொருந்துவது இதனால்தான். ஆஸ்ட்ரல் குயினைக் கைப்பற்றுவதால் சேரக்குக்குப் படைவலிமை எதுவும் கிடைக்கப்போவதில்லை. அக்கப்பல் ஓர் அடையாளமாக மாற வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதேவேளை இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. பாஸ்டிலை வெளியிலிருந்த மக்கள் உடைத்தனர். ஆஸ்ட்ரல் குயினில் கைதிகளே உள்ளிருந்து எழுகின்றனர். வெளியிலுள்ள மக்கள் எழுவார்களா என்பது உறுதியில்லை.

கருப்பொருள்கள்

கட்டாய உழைப்பு

நீரின்றி எவரும் வாழ இயலாது. வேலை செய்ய ஆள் இல்லை. கைதிகளோ சும்மா இருக்கின்றனர். இந்நிலையில் அவர்களைக் கட்டாயப்படுத்தினால் என்ன என்ற கேள்வி இயல்பானது. மனித இனம் அழியும் நிலையிலும் அடிமை முறையை ஏற்பதில்லை என்ற ராஸ்லினின் மறுப்பு, எவற்றைக் காத்துக்கொண்டால் உயிர் பிழைத்தல் பொருளுடையதாகும் என்ற வினாவை முன்வைக்கிறது. ஆனால் கம்பிக்குள் இருப்பவரிடம் விருப்பத்தைக் கேட்பது உண்மையான விருப்பம் ஆகுமா என்ற எதிர்வினாவும் கைதிகளின் மௌனத்தால் எழுகிறது.

சிறைக்கைதிகளின் உழைப்பு கற்பனைச் சிக்கல் மட்டுமன்று. ஐக்கிய அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த 1865 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்திற்கான தண்டனையாக விதிக்கப்படும் உழைப்பை விலக்காக அனுமதிக்கிறது.

ஆட்சியின் தகுதி

சேரக் வன்முறையாளர், அவருடைய கேள்வியோ நேர்மையானது. தேர்ந்தெடுக்கப்படாத அதிபர் எவ்வளவு காலம் ஆளலாம் என்பதற்கு அடாமாவிடமோ ராஸ்லினிடமோ விடை இல்லை. தவறான வழியில் எழுப்பப்பட்டது என்பதற்காகவே ஒரு கோரிக்கை தவறானதாகிவிடாது என்பதே லீயின் முடிவின் அடிப்படை. பயங்கரவாதியின் மிரட்டலுக்கு இணங்குதலும், ஏற்கனவே சட்டத்தில் உள்ள கடமையை நிறைவேற்றுதலும் வெவ்வேறானவை என அவர் பிரித்துக் காண்கிறார். எனினும் பணயக்கைதிகளைப் பிடித்ததால்தான் இக்கடமை நினைவுக்கு வந்தது என்பதும் உண்மை. இம்முரண்பாட்டை அத்தியாயம் தீர்த்துவைப்பதில்லை.

மீட்புத் தாக்குதலின் ஆபத்து

பணயக்கைதிகளை மீட்கப் படையை அனுப்புவது எப்போதும் பயன் தருவதில்லை. ஒப்புநோக்கத்தக்க உண்மை நிகழ்வு, நியூயார்க் மாநிலத்தின் அட்டிக்கா சிறையில் 1971 செப்டம்பர் 9 முதல் 13 வரை நடந்த கிளர்ச்சியாகும். அங்குக் கைதிகள் சிறைக் காவலர்களைப் பிணையாகப் பிடித்துச் சிறை வாழ்க்கையில் சீர்திருத்தங்களைக் கோரினர். நான்கு நாட்கள் பேச்சு நடந்தபின் காவல்துறையினர் துப்பாக்கிகளுடன் நுழைந்தனர். அம்மீட்பு நடவடிக்கையில் மட்டும் 29 கைதிகளும் பணயமாக இருந்த 10 பேரும் உயிரிழந்தனர். பணயமாக இருந்த அப்பதின்மரும் மீட்க வந்தவர்களின் குண்டுகளாலேயே இறந்தனர் என்பது பின்னர் உறுதியானது. சேரக் எதிர்பார்த்ததும் இத்தகைய முடிவையே.

நீரும் விண்பயணமும்

கதைக்குத் தூண்டுதலான நீர்த் தட்டுப்பாடு அறிவியல் அடிப்படை உடையதாகும். சந்திரனின் துருவப் பகுதிகளிலும், வியாழனின் ஐரோப்பா, சனியின் என்சலாடசு ஆகிய துணைக்கோள்களிலும் உறைந்த நீர் உள்ளது. எனவே துணைக்கோளில் பனிக்கட்டி வெட்டுவது நிகழக்கூடிய கற்பனையே. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் ஆகியவை தூய்மையாக்கப்பட்டு மீண்டும் குடிநீராக்கப்படுகின்றன. அங்கு 98 விழுக்காடு நீரை மீட்கும் இலக்கு எட்டப்பட்டதாக நாசா 2023 இல் அறிவித்தது. மறுசுழற்சியை நம்பி வாழும் இத்தகைய சூழலில் சேமிப்புத் தொட்டிகள் உடைவது எத்தகைய பேரிழப்பு என்பதை இதிலிருந்து அறியலாம்.

பின்விளைவுகள்

உடன்பாட்டின் விளைவாகச் சேரக் சிறையிலிருந்து அரசியலுக்கு வருகிறார். முதற் பருவத்தின் "கலோனியல் டே" அத்தியாயத்தில் பன்னிருவர் அவையில் சகிட்டாரான் கோளின் சார்பாளராக அமர்கிறார். துணை அதிபர் பதவிக்கும் போட்டியிடுகிறார். அதில் பால்ட்டார் வெல்கிறார். லீ உறுதியளித்த அதிபர் தேர்தல் இரண்டாம் பருவத்தின் இறுதியில் நடைபெறுகிறது. அதில் ராஸ்லின் தோற்று, பால்ட்டார் அதிபராகவும் சேரக் துணை அதிபராகவும் ஆகின்றனர்.

நான்காம் பருவத்தில் சேரக், அலுவலர் கேட்டாவுடன் சேர்ந்து அடாமாவுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கிறார். 2009 இல் ஒளிபரப்பான "பிளட் ஆன் த ஸ்கேல்ஸ்" அத்தியாயத்தில், தம் சொல்லுக்கு இணங்காத பன்னிருவர் அவையினரை அவர் சுட்டுக்கொல்லச் செய்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஆள வேண்டும் என்ற முழக்கத்துடன் தொடங்கியவர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களையே கொல்பவராக முடிகிறார். கிளர்ச்சி தோற்றபின் அவருக்கும் கேட்டாவுக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது.

தொடரில் மற்றொரு பணயக்கைதிகள் கதை

இரண்டாம் பருவத்தின் "சாக்ரிஃபைஸ்" (தியாகம்) என்னும் அத்தியாயமும் பணயக்கைதிகள் பற்றியதே. இது 2006 பெப்ரவரியில் ஒளிபரப்பானது. கணவனை இழந்த செஷா அபினெல் என்னும் பெண், தம் ஆட்களுடன் கிளவுட் நைன் கப்பலின் மதுக்கூடத்தைக் கைப்பற்றுகிறார். கலாக்டிகாவில் அடைத்து வைக்கப்பட்டுள்ள சைலான் பெண்ணான ஷாரனைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை. செஷாவாக டேனா டெலானி நடித்தார்.

இரு அத்தியாயங்களிலும் லீ, பில்லி, டுவாலா ஆகிய மூவரும் பணயக்கைதிகளாகச் சிக்குகின்றனர். ஆனால் முடிவுகள் வேறுபடுகின்றன. முதலாவதில் பேச்சு வழியே உடன்பாடு ஏற்படுகிறது. இரண்டாவதில் உயிருள்ள ஷாரனுக்கு மாற்றாக, அவளைப் போன்ற உருவுடைய முன்னொருத்தியின் உடலை அடாமா அனுப்புகிறார். அதைத் தொடர்ந்து நிகழும் துப்பாக்கிச் சண்டையில் டுவாலாவைக் காக்க முயன்ற பில்லி உயிரிழக்கிறார். ஆஸ்ட்ரல் குயினில் தப்பியவர்களுள் ஒருவர் கிளவுட் நைனில் இறப்பது, தொடரை வரிசையாகக் காண்போருக்கு முதல் நிகழ்வின் அருமையை உணர்த்துவதாக உள்ளது.

தொடருக்குக் கிடைத்த மதிப்பு

இதே பருவத்தின் முதல் அத்தியாயமான "33" என்பது 2005 இல் ஹியூகோ விருதைப் பெற்றது. தொடர் பீபாடி விருதையும் பெற்றுள்ளது. 2009 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் இத்தொடர் குறித்த கலந்துரையாடல் ஒன்று நடைபெற்றது. மனித உரிமைகள், பயங்கரவாதம், சிறுவர்களும் ஆயுதப் போரும், வெவ்வேறு பண்பாட்டினரிடையே இணக்கம் ஆகிய தலைப்புகள் அதில் பேசப்பட்டன. மூர், ஐக், ஓல்மோஸ், மெக்டொனல் ஆகியோர் அதில் பங்கேற்றனர்.